ஒரு நொடி தவறினால் ஒரு வளையமே போச்சு: வீடியோ பதிவில் ஃபிரேம்கள் காணாமல்போவது ஏன்?

ஜவ்வாது மலையின் காவலூர் வானாய்வகம் முதல் கல்யாண மண்டப ‘லைவ்’ வரை, வீடியோ பதிவு செய்யும் எல்லோருக்கும் பொதுவான ஒரு சிக்கல் உண்டு. கேமரா நன்றாக இருக்கும், கணினியும் வேகமாக இருக்கும். ஆனாலும் நடுவில் சில ஃபிரேம்கள் மாயமாகிவிடும். பழியை பெரும்பாலும் கணினியின் வேகத்தின் மேல் போடுகிறோம். உண்மையான காரணம் பல நேரங்களில் வேகக் குறைவு அல்ல, ‘தாமதம்’. இரண்டும் ஒன்று இல்லையா? இல்லை. அந்த வித்தியாசம்தான் விஷயமே.

1977 மார்ச் 10: காவலூரில் மங்கிய நட்சத்திரம்

திருப்பத்தூர் மாவட்டத்தில், ஆலங்காயத்தை அடுத்துள்ள காவலூரில், கடல் மட்டத்தில் இருந்து சுமார் 725 மீட்டர் உயரத்தில் இருக்கிறது வைணு பாப்பு வானாய்வகம். பெங்களூரில் உள்ள இந்திய வான் இயற்பியல் நிறுவனம் இதை நடத்துகிறது. இங்கே 1972-ல் 1 மீட்டர் தொலைநோக்கி செயல்பாட்டுக்கு வந்தது.

சர்வதேச நேரப்படி 1977 மார்ச் 10 அன்று, யுரேனஸ் கோள் ஒரு நட்சத்திரத்தை மறைத்துச் செல்ல இருந்தது. இந்திய நேரப்படி அப்போது நள்ளிரவு தாண்டிவிட்டது. காவலூரில் ஜே.சி.பட்டாச்சார்யாவும் கே.குப்புசாமியும் 1 மீட்டர் தொலைநோக்கியில் அந்த நட்சத்திரத்தின் ஒளியை அளந்துகொண்டிருந்தார்கள். நட்சத்திரத்தின் ஒளி சில நொடிகள் மங்கி, மீண்டும் பழைய நிலைக்கு வந்தது. யுரேனஸுக்கு இதுவரை தெரியாத ஒரு துணைக்கோள் காரணமாக இருக்கலாம் என்று ‘நேச்சர்’ இதழில் அவர்கள் எழுதினார்கள்.

அதே நேரத்தில் இந்தியப் பெருங்கடலுக்கு மேலே, ‘கைப்பர்’ என்ற பறக்கும் வானாய்வகத்தில் ஜேம்ஸ் எலியட் தலைமையிலான அமெரிக்கக் குழு இதே நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர்கள் கருவிகளை முன்கூட்டியே ஓடவிட்டிருந்தார்கள். கோள் மறைப்பதற்கு முன்பே ஒளி பலமுறை சட்டென்று குறைந்து ஏறியது. கோள் கடந்த பிறகு அதே வரிசை தலைகீழாகத் திரும்ப வந்தது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி என்றால் அது துணைக்கோள் இல்லை, வளையம்! யுரேனஸின் வளையங்கள் உலகத்துக்குத் தெரியவந்தது இப்படித்தான்.

சில ஃபிரேம்கள் போனால் என்ன குடி முழுகிவிடும்?

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். யுரேனஸின் வளையங்களில் பல, வெறும் சில கிலோமீட்டர் அகலம்தான். மறைப்பின் நிழல் நொடிக்கு 10 கி.மீ. வேகத்தில் நகர்கிறது என்று வைத்துக்கொள்வோம். 10 கி.மீ. அகல வளையம் நட்சத்திரத்தை 1 நொடி மறைக்கும். 2 கி.மீ. அகல வளையம் மறைப்பது 0.2 நொடிதான்.

இந்தியாவில் நீண்ட காலம் இருந்த ‘பால்’ வகை டிவி கேமரா நொடிக்கு 25 ஃபிரேம் எடுக்கும். அதாவது ஒரு ஃபிரேமுக்கு 40 மில்லி நொடி. (ஒரு நொடியில் 1,000 மில்லி நொடி.) அப்படியானால் 2 கி.மீ. வளையம் பதிவாவது மொத்தமே 5 ஃபிரேம்களில். அந்த 5 ஃபிரேமை கணினி தவறவிட்டால், அந்தப் பதிவைப் பொறுத்தவரை அப்படி ஒரு வளையமே கிடையாது. ‘ஒன்ஸ் மோர்’ கேட்டு யுரேனஸைத் திரும்ப வரவைக்க முடியாது.

கல்யாண வீடியோவில் தாலி கட்டும் நேரமும் அப்படித்தான்.

இன்டரப்ட் என்றால் என்ன?

தெருக்குழாயில் தண்ணீர் வரும் நேரம். குழாயடியில் குடம் வைத்தாயிற்று, தண்ணீர் தானாக நிறைகிறது. குடம் நிறைந்ததும் பக்கத்தில் நிற்கும் குழந்தை, “அம்மா, குடம் நிறைஞ்சிடுச்சு!” என்று குரல் கொடுக்கிறது. அம்மா செய்துகொண்டிருக்கும் வேலையை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்து, குடத்தை மாற்றிவிட்டுத் திரும்பப் போகிறார்.

கணினிக்குள் நடப்பதும் இதுதான். கேமராவில் இருந்து வரும் படத்தை ‘கேப்சர் கார்டு’ என்ற சாதனம் வாங்கி, கணினியின் மெமரியில் தானே எழுதுகிறது. பிராசஸர் இதில் கை வைப்பதில்லை. இதற்கு டிஎம்ஏ என்று பெயர். ஒரு ஃபிரேம் முழுதாக எழுதி முடித்ததும் கார்டு பிராசஸருக்கு ஒரு சிக்னல் கொடுக்கும். அந்தக் குரல்தான் ‘இன்டரப்ட்’.

அந்தக் குரலைக் கேட்டு ஓடிவருவது ‘டிவைஸ் டிரைவர்’. சாதனத்துக்கும் இயங்குதளத்துக்கும் (லினக்ஸ், விண்டோஸ் போன்றவை) நடுவில் இருக்கும் சின்ன மென்பொருள் அது. குரல் கொடுத்த நொடிக்கும் டிரைவர் வேலையைத் தொடங்கும் நொடிக்கும் இடைப்பட்ட நேரம்தான் ‘இன்டரப்ட் லேட்டன்சி’.

குழாய் யாருக்காகவும் காத்திருக்காது. கேமராவும் அப்படித்தான். அம்மா வர நேரமானால் தண்ணீர் வழிந்து வீணாகும். டிரைவர் வர நேரமானால் ஃபிரேம் வீணாகும்.

எவ்வளவு நேரம் கிடைக்கும்?

பழைய டிவி முறையில் ஒரு படம் 625 கோடுகளாக வரும். ஒரு கோட்டுக்கு 64 மைக்ரோ நொடி. (ஒரு மில்லி நொடியில் 1,000 மைக்ரோ நொடி.) ஒற்றைப்படைக் கோடுகள் ஒரு முறை, இரட்டைப்படைக் கோடுகள் அடுத்த முறை என ஒரு ஃபிரேம் இரண்டு பாதிகளாக வந்து சேரும். ஒவ்வொரு பாதிக்கும் நடுவில், படம் இல்லாத சுமார் 25 கோடுகளின் இடைவெளி உண்டு. அந்த இடைவெளி 1.6 மில்லி நொடி.

ஒரே ஒரு மெமரி முகவரியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளும் எளிய கேப்சர் கார்டு என்றால், ‘அடுத்த படத்தை இங்கே எழுது’ என்று டிரைவர் சொல்லிமுடிக்க வேண்டியது இந்த 1.6 மில்லி நொடிக்குள்தான். தவறினால் கார்டு பழைய இடத்திலேயே மேலே மேலே எழுதும். மேல் பாதியில் புதுப் படம், கீழ் பாதியில் பழைய படம் என்று கிழிந்த ஃபிரேம் கிடைக்கும்.

பின்னாளில் வந்த கார்டுகள் அடுத்தடுத்த முகவரிகளை ஒரு பட்டியலாக முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளும். குழாயடியில் வரிசையாகக் குடம் வைத்து, ஒன்று நிறைந்ததும் அடுத்ததுக்குத் தண்ணீர் தானாக மாறும்படி செய்வது மாதிரி. டிரைவருக்குக் கிடைக்கும் அவகாசம் 1.6 மில்லி நொடியில் இருந்து பல ஃபிரேம்கள் நேரத்துக்கு உயர்ந்துவிடும். இந்த வரிசைக் குடங்கள்தான் ‘பஃபர்’.

எத்தனை குடம் வைத்தால் போதும்?

பஃபர் கணக்கு சிம்பிள். 4 பஃபர் இருந்தால், ஒன்று நிறைந்துகொண்டிருக்கும். மீதி 3 கையிருப்பு. 3 × 40 = 120 மில்லி நொடி வரை யாரும் எட்டிப் பார்க்காவிட்டாலும் ஒரு ஃபிரேமும் போகாது. நொடிக்கு 60 ஃபிரேம் எடுக்கும் கேமராவில் இதே 4 பஃபர் தாங்குவது 50 மில்லி நொடிதான்.

இதில் கவனிக்க வேண்டியது, கணினி ‘சராசரியாக’ எவ்வளவு சீக்கிரம் வருகிறது என்பது இங்கே முக்கியம் இல்லை. ஆயிரம் முறை உடனடியாக வந்துவிட்டு, ஒரே ஒரு முறை 200 மில்லி நொடி தாமதித்தால் போதும், அந்த 4 பஃபரும் நிரம்பி வழிந்துவிடும். சராசரி பார்த்தால் கணினி சூப்பர் வேகம், பதிவில் பார்த்தால் ஓட்டை. அதனால் பஃபரின் எண்ணிக்கையை முடிவு செய்ய வேண்டியது மிக மோசமான ஒரு தாமதத்தை வைத்துத்தான்.

எங்கிருந்து வருகிறது அந்தத் தாமதம்?

பல இடங்களில் இருந்து:

• வேறொரு டிரைவர், ‘கொஞ்ச நேரம் என்னைத் தொந்தரவு செய்யாதே’ என்று இன்டரப்ட்களை நிறுத்தி வைத்திருக்கலாம்.

• நெட்வொர்க், டிஸ்க் போன்ற மற்ற சாதனங்களின் இன்டரப்ட்கள் முன்னால் வரிசையில் நிற்கலாம்.

• மின்சாரத்தை மிச்சப்படுத்த பிராசஸர் அரைத் தூக்கத்தில் இருக்கலாம். அது விழித்தெழவும் நேரம் எடுக்கும்.

• டிரைவர் சரியாக வந்துவிட்டாலும், படத்தை வாங்கிக்கொள்ள வேண்டிய ரெக்கார்டிங் மென்பொருளுக்கு பிராசஸரில் முறை கிடைக்காமல் போகலாம்.

• எல்லாம் சரியாக நடந்தும், எழுத வேண்டிய ஹார்டு டிஸ்க்கோ மெமரி கார்டோ நடுவில் மூச்சு வாங்கலாம்.

பல வீடுகளில், ஸ்டுடியோக்களில் மாட்டிக்கொள்வது கடைசி இரண்டில்தான். முதல் மூன்றில் ஆகும் தாமதம் பெரும்பாலும் மைக்ரோ நொடிகளில், மிஞ்சிப்போனால் சில மில்லி நொடிகளில் முடிந்துவிடும். மெமரி கார்டு கதையே வேறு. எஸ்டிஹெச்சி வகை கார்டுகளின் தர விதிப்படி, ஒரு எழுத்து வேலையை முடிக்க கார்டு 250 மில்லி நொடி வரை எடுத்துக்கொள்ளலாம். அதாவது 6 ஃபிரேம்களுக்கு மேல். மேலே சொன்ன 2 கி.மீ. வளையத்தை விழுங்க கார்டு ஒரு முறை மூச்சு வாங்கினாலே போதும்.

இதற்குத் தீர்வு இருக்கிறது. 250 மில்லி நொடியைத் தாங்க, நிறைந்துகொண்டிருப்பதையும் சேர்த்து 8 பஃபர் வேண்டும். 768 × 576 அளவுள்ள கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று சுமார் 4.4 லட்சம் பைட். எட்டும் சேர்ந்து 3.5 எம்பி. இன்றைய கணினிக்கு இது தூசு.

அப்போ நிறைய பஃபர் வைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்ததா?

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். குழாய் ஒரு நிமிடத்தில் ஒரு குடம் நிறைக்கிறது, அம்மாவால் வீட்டு டிரம்மில் ஊற்றிவிட்டு வர ஒன்றரை நிமிடம் ஆகிறது என்றால், குழாயடியில் நூறு குடம் வைத்தாலும் ஒரு கட்டத்தில் எல்லாம் நிறைந்து வழியத்தான் செய்யும். வழிவது கொஞ்சம் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

அதே கறுப்பு வெள்ளைப் படத்தை நொடிக்கு 25 வீதம், சுருக்காமல் எழுதினால் நொடிக்கு சுமார் 11 எம்பி. ‘கிளாஸ் 10’ மெமரி கார்டு உத்தரவாதம் தரும் குறைந்தபட்ச வேகம் நொடிக்கு 10 எம்பி. கார்டு அந்தக் குறைந்தபட்ச வேகத்திலேயே ஓடினால், ஒவ்வொரு நொடியும் 1 எம்பிக்குக் கொஞ்சம் அதிகமாகத் தேங்கும். 1 ஜிபி அளவுக்கு பஃபர் வைத்தாலும் சுமார் 16 நிமிடத்தில் நிரம்பிவிடும். அதற்குப் பிறகு ஃபிரேம்கள் விழத் தொடங்கும். ‘முதல் கால் மணி நேரம் நல்லாத்தான் இருந்துச்சு, அப்புறம்தான் வெட்டி வெட்டி வருது’ என்ற புகாரின் பின்னணி பல நேரங்களில் இதுதான்.

ஆக, பஃபரால் தற்காலிகத் தாமதத்தை ஈடுகட்ட முடியும். நிரந்தர வேகக் குறைவை ஈடுகட்ட முடியாது. வேகக் குறைவுக்குத் தீர்வு வேகமான கார்டு, அல்லது படத்தைச் சுருக்கி எழுதுவது. தாமதத்துக்குத் தீர்வு பஃபர்.

இன்னொரு சிக்கலும் உண்டு. பஃபரில் படம் தேங்கி நிற்கும்வரை அது பழைய படம். 10 ஃபிரேம் தேங்கினால் 0.4 நொடி பின்தங்கிய காட்சி. பதிவு செய்பவருக்கு இது பிரச்சினையே இல்லை. வீடியோ காலில் பேசுபவருக்கும், படத்தைப் பார்த்து இயந்திரத்தை இயக்குபவருக்கும் பெரிய பிரச்சினை. அதனால் நேரலை மென்பொருள்கள் பஃபர் நிறைந்தால் பழைய ஃபிரேமைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியதைக் காட்டும்.

மறுபடியும் காவலூர்: 20 மில்லி நொடிப் படங்கள்

காவலூரின் 2.34 மீட்டர் தொலைநோக்கியை 1986 ஜனவரி 6 அன்று அப்போதைய பிரதமர் ராஜீவ் காந்தி தொடங்கிவைத்தார். 1982-ல் மறைந்த வானியலாளர் வைணு பாப்புவின் பெயர் தொலைநோக்கிக்கும் வானாய்வகத்துக்கும் சூட்டப்பட்டது அப்போதுதான்.

1990-களில் இந்தத் தொலைநோக்கியில் எஸ்.கே.சாஹா உள்ளிட்டோர் ‘ஸ்பெக்கிள்’ என்ற முறையில் படம் எடுத்தார்கள். காற்று அசைவதால்தான் நட்சத்திரம் மினுக்குகிறது. நீண்ட நேரம் படம் எடுத்தால் அந்த அசைவு எல்லாம் சேர்ந்து படம் கலங்கிவிடும். 20 மில்லி நொடி மாதிரி மிகக் குறுகிய நேரத்தில் எடுத்தால், காற்று ‘ஸ்டில்’ ஆக நிற்பது போன்ற படம் கிடைக்கும். அப்படி நிறைய படங்களை எடுத்து, கணக்கு போட்டு, கலக்கத்தை நீக்குவார்கள். மிக நெருக்கமாக இருக்கும் இரட்டை நட்சத்திரங்களை இப்படிப் பிரித்துப் பார்க்க முடியும்.

டிவி கேமராவில் ஒரு ஃபிரேமின் பாதி வந்துசேரும் நேரமும் அதே 20 மில்லி நொடிதான். வீடியோ சிக்னல் தரும் கேமராவை தொலைநோக்கியில் பொருத்தி, ‘ஃபிரேம் கிராபர்’ கார்டு மூலம் அன்றைய 386 ரக பிசியில் படங்களைப் பிடித்தார்கள்.

386 பிசிக்கு அது எவ்வளவு பெரிய வேலை? 256 × 256 அளவுள்ள படம் 64 கேபி. நொடிக்கு 25 என்றால் 1.6 எம்பி. இன்று ஒரு சாதாரண பென்டிரைவ் கூட இதை எழுதிவிடும். அன்றைய ஹார்டு டிஸ்க்குகளுக்கு இது மலை. மெமரியும் தாராளம் இல்லை, 1990-களின் தொடக்கத்தில் பல பிசிக்களின் மொத்த மெமரியே 4 எம்பி. இப்படிப்பட்ட கணினியில் செய்யக்கூடியது, மெமரி கொள்ளும் வரை படங்களைத் தொடர்ச்சியாகப் பிடித்துவிட்டு, பிறகு நிதானமாக டிஸ்க்குக்கு மாற்றுவது.

ஸ்பெக்கிளில் ஒரு சௌகரியம் உண்டு. ஒவ்வொரு படமும் தனித்தனி. நடுவில் பத்து படம் போனாலும் மீதியை வைத்துக் கணக்கு போடலாம். ஆனால் பாதி கிழிந்த படம் ஒன்று உள்ளே கலந்தால் கணக்கையே கெடுக்கும். மறைப்பு நிகழ்வில் நிலைமை நேர் எதிர். அங்கே ஒரு ஃபிரேம் கூடப் போகக் கூடாது. அப்படியே போனாலும், ‘இங்கே ஒன்று போயிருக்கிறது’ என்பது தெரிய வேண்டும்.

போனது தெரியாமல் போவதுதான் ஆபத்து

நடுவில் 6 ஃபிரேம் போனது தெரியாமல், மீதியை வரிசையாக எண்ணி நேரம் கணக்கிட்டால், அதற்குப் பிறகு வரும் எல்லா நேரமும் 0.24 நொடி தப்பாகும். நொடிக்கு 10 கி.மீ. கணக்கில் 2.4 கி.மீ. பிழை. ஒரு சிறு வளையத்தின் அகலத்தைவிட அதிகம்.

இதனால்தான் நல்ல டிரைவர்கள் இரண்டு விஷயங்களைச் செய்கின்றன. ஒன்று, ஒவ்வொரு ஃபிரேமுக்கும் வரிசை எண் போடுவது. 101, 102-க்குப் பிறகு 109 வந்தால் ஆறு போயிருக்கிறது என்று உடனே தெரியும். இரண்டு, நேர முத்திரை குத்துவது. முத்திரையை எங்கே குத்துகிறோம் என்பது முக்கியம். ரெக்கார்டிங் மென்பொருள் படத்தை வாங்கும்போது குத்தினால், வழியில் ஆன எல்லாத் தாமதமும் நேரத்தில் கலந்துவிடும். இன்டரப்ட் வந்ததுமே டிரைவர் குத்தினால் பிழை குறையும். லினக்ஸின் ‘வீடியோ ஃபார் லினக்ஸ் 2’ அமைப்பில் வரிசை எண், நேர முத்திரை இரண்டுக்கும் ஒவ்வொரு பஃபரிலும் தனி இடம் உண்டு.

மறைப்பு நிகழ்வுகளைப் பதிவு செய்யும் வானியல் ஆர்வலர்கள் இன்னும் ஒரு படி மேலே போகிறார்கள். ஜிபிஎஸ் நேரத்தை ஒரு சின்னக் கருவி மூலம் வீடியோ சிக்னலிலேயே, படத்தின் மேல் எழுத்தாகப் பதித்துவிடுகிறார்கள். கணினிக்குள் படம் நுழைவதற்கு முன்பே நேரம் அதில் ஏறிவிடுகிறது. அதன் பிறகு கணினி எவ்வளவு தாமதித்தாலும் அந்த நேரம் மாறாது.

இயங்குதளம் உதவுமா?

உதவும். ‘எவ்வளவு வேகம்’ என்பதைவிட ‘அதிகபட்சம் எவ்வளவு தாமதம்’ என்பதற்கு முன்னுரிமை தரும் ‘ரியல் டைம்’ வசதி, லினக்ஸில் பல வருடங்களாகத் தனி இணைப்பாக மட்டுமே கிடைத்துவந்தது. 2024 நவம்பரில் வெளியான லினக்ஸ் 6.12-ல் அது மைய மென்பொருளிலேயே சேர்ந்துவிட்டது. ஆனால் மெமரி கார்டு மூச்சு வாங்குவதை எந்த ரியல் டைம் வசதியாலும் தடுக்க முடியாது. அதற்கு பஃபர்தான் வழி.

நீங்கள் என்ன செய்யலாம்?

கல்யாணம், கோயில் திருவிழா, உள்ளூர் கபடிப் போட்டி என்று கேப்சர் கார்டு வைத்துப் பதிவு செய்பவர்களுக்கு:

• ரெக்கார்டிங் மென்பொருளில் ‘டிராப்டு ஃபிரேம்ஸ்’ எண்ணிக்கையைப் பாருங்கள். ஆரம்பத்தில் இருந்தே அங்கொன்றும் இங்கொன்றுமாக ஏறினால் தாமதப் பிரச்சினை. கொஞ்ச நேரம் பூஜ்யத்தில் இருந்துவிட்டு, பிறகு விடாமல் ஏறினால் வேகப் பிரச்சினை.

• தாமதம் என்றால் பஃபரைக் கூட்டுங்கள், மின் சிக்கன ‘மோடை’ அணையுங்கள், பின்னணியில் ஓடும் அப்டேட்களை நிறுத்துங்கள்.

• வேகம் என்றால் கார்டையோ டிஸ்க்கையோ மாற்றுங்கள். இல்லாவிட்டால் படத்தின் அளவைக் குறையுங்கள். பஃபரைக் கூட்டிப் பயன் இல்லை.

• யுஎஸ்பி கேப்சர் கருவியை, பென்டிரைவும் வெளி டிஸ்க்கும் மாட்டிய அதே ஹப்பில் மாட்டாதீர்கள். தொடர்ச்சியாக அனுப்பும் முறையில் இயங்கும் யுஎஸ்பி வீடியோவில், வழியில் விழுந்த தகவல் திரும்ப அனுப்பப்படாது.

• நிகழ்ச்சிக்கு முந்தைய நாள், முழு நிகழ்ச்சி நேரத்துக்கும் ஓடவிட்டுப் பாருங்கள். ஐந்து நிமிட சோதனையில் 16-வது நிமிடப் பிரச்சினை தெரியாது.

• பதிவை முன்கூட்டியே தொடங்குங்கள். 1977-ல் கைப்பர் குழு முன்கூட்டியே கருவியை ஓடவிட்டதால்தான் கோளுக்கு இரண்டு பக்கமும் வளையங்களைப் பார்க்க முடிந்தது.

காவலூரில் இப்போது 1.3 மீட்டர் தொலைநோக்கி ஒன்றும் இயங்குகிறது. 2014-ல் வந்த அதற்கு, யுரேனஸ் மறைப்பைப் பதிவு செய்த ஜே.சி.பட்டாச்சார்யாவின் பெயரையே வைத்திருக்கிறார்கள்.